ஹொண்டாவின் ஃபோர்முலா 1 வரலாற்றைச் சுவர்ப்படமாக்குவது எப்படி: வன்னிப் பாடசாலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

பாடசாலைக் கண்காட்சிக்கோ, சனசமூக நிலைய நிகழ்ச்சிக்கோ ஒரு கார்க் கம்பனியின் பந்தய வரலாற்றைச் சுவர்ப்படமாகச் செய்ய விரும்பும் மாணவர்களுக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் ஆசிரியர், அண்ணன், அக்காமாருக்கும் இதை எழுதுகிறேன். கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்புப் பக்கத்திலும் பிள்ளைகளோடு இருந்து செய்தபோது எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்ததில் இருந்து வந்த ஒழுங்கு இது.

உதாரணத்துக்கு ஹொண்டாவை எடுத்திருக்கிறேன். வன்னியில் அந்தப் பெயரை அறியாத முற்றம் இல்லை. அதைவிட முக்கியமான காரணம், ஹொண்டா ஃபோர்முலா 1 இற்குள் வந்து, விட்டுப் போய், திரும்ப வந்து, பெயரையும் மாற்றிக்கொண்ட கம்பனி. இந்தச் சிக்கலான கதையை ஒழுங்காக அடுக்கப் பழகினவருக்கு ரெனோ, மெர்சிடிஸ், டொயோட்டா எல்லாம் இலகுவாகிவிடும்.

எல்லோரும் வெற்றிகளை எண்ணுவதில் தொடங்குகிறார்கள். பிழை அங்கேதான் பிறக்கிறது. இந்த வழிகாட்டியில் வெற்றிக் கணக்கு ஐந்தாம் படியில்தான் வரும். பொறுமையாக வரிசையைப் பின்பற்றுங்கள்.

தொடங்கமுன் கையில் இருக்க வேண்டியவை

டிமைத் தாள் மூன்று, ஒரு மீற்றர் நீளக் கோல், பென்சில், நல்ல அழிறப்பர், சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு மார்க்கர் பேனைகள், ஒரு சீ.ஆர். கொப்பி. இவற்றோடு, கராஜ் ஒன்றில் கேட்டு 125 சிசி மோட்டார் சைக்கிளின் கழித்துப்போட்ட பிஸ்டன் ஒன்று வாங்கி வையுங்கள். இது ஏன் என்று நான்காம் படியில் தெரியும்.

தகவலுக்கு, ஃபோர்முலா 1 இன் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் 1950 முதல் ஒவ்வொரு ஆண்டின் முடிவு அட்டவணையும் இருக்கிறது. ஹொண்டாவும் தன் பந்தய வரலாற்றைத் தன் தளத்தில் போட்டிருக்கிறது. சிக்னல் நல்லாக இருக்கும் இடத்தில் இருந்து, வேண்டிய பக்கங்களை ஒரே மூச்சில் சேமித்துவிடுங்கள். ஒட்டுசுட்டான், மல்லாவிப் பக்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து காத்திருந்து, பாதியில் அலுத்து, மிச்சத்தை யாரோ போட்ட காணொளியைக் கேட்டு நிரப்புவதைப் பார்த்திருக்கிறேன். காணொளியில் கேட்டதை அட்டவணையோடு ஒப்பிடாமல் தாளில் ஏற்றக்கூடாது.

1. எந்தப் பந்தயம் என்று முதலில் எல்லை போடுங்கள்

கொப்பியின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வசனம் எழுதுங்கள்: "இந்தப் படம் ஃபோர்முலா 1 கார்ப் பந்தயத்தில் ஹொண்டா செய்ததை மட்டும் காட்டும்."

நம் பிள்ளைகளுக்கு ஹொண்டா என்றால் மோட்டார் சைக்கிள்தான். அதனால் மோட்டோ ஜிபி வெற்றிகள் தானாகவே கணக்குக்குள் நுழைந்துவிடும். அமெரிக்காவின் இண்டிகார் பந்தயமும் அப்படித்தான். அவை எல்லாம் பெரிய சாதனைகள்தான், ஆனால் அவற்றுக்கு வேறு படம் வேண்டும்.

மோட்டார் சைக்கிளுக்கு ஒரே ஒரு வரி விடலாம், அதுவும் பின்னணியாக. 1948 இல் சொய்ச்சிரோ ஹொண்டா தொடங்கிய கம்பனி 1959 இல் ஐல் ஒஃப் மான் தீவின் டிடி பந்தயத்துக்குப் போனது, 1961 இல் அங்கே முதன்முதலாக வென்றது. ஹொண்டாவின் முதல் கார்கள் 1963 இல்தான் விற்பனைக்கு வந்தன. அடுத்த ஆண்டே ஃபோர்முலா 1. கார் செய்யத் தொடங்கிய கையோடு உலகின் உச்சப் பந்தயத்துக்குப் போன கம்பனி என்பதை இந்த வரி விளங்கவைக்கும். அதுக்கு மேல் வேண்டாம்.

2. ஒவ்வொரு ஆண்டிலும் ஹொண்டா என்னவாக இருந்தது என்று பிரியுங்கள்

இந்தப் படிதான் முழு வேலையின் உயிர். இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

ஃபோர்முலா 1 இல் ஒரு கம்பனி முழுக் காரையும் தானே செய்து தன் அணியாக ஓடலாம். அல்லது எஞ்சினை மட்டும் இன்னோர் அணிக்குக் கொடுக்கலாம். முடிவு அட்டவணைகள் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பதிகின்றன. பிரிக்காமல் எழுதினால் "ஹொண்டா 3 பந்தயங்களில் வென்றது" என்பதும் "ஹொண்டா 89 பந்தயங்களில் வென்றது" என்பதும் இரண்டு தாள்களில் வந்து சண்டை பிடிக்கும். இரண்டும் உண்மை. முதலாவது முழு அணியாக வென்றது, மற்றது 2021 வரை ஹொண்டா எஞ்சின் பூட்டிய எல்லாக் கார்களும் வென்றது.

கொப்பியில் இந்த ஒழுங்கில் எழுதுங்கள்.

1964 முதல் 1968 வரை முழு அணி. காரும் எஞ்சினும் ஹொண்டாவினது. 1967 இன் ஆர்.ஏ. 300 காரின் சட்டகத்தை மட்டும் இங்கிலாந்தின் லோலா நிறுவனத்தோடு சேர்ந்து செய்தார்கள். ஆனாலும் பதிவில் அது ஹொண்டா கார்தான்.

1983 முதல் 1992 வரை எஞ்சின் மட்டும். முதலில் ஸ்பிரிட் என்ற சிறிய அணி, பிறகு வில்லியம்ஸ், லோட்டஸ், மக்லாரன். 1991 இல் டிரெல் அணிக்கும் கொடுத்தது.

2000 முதல் 2005 வரை பி.ஏ.ஆர். அணிக்கு எஞ்சின். 2001, 2002 இல் ஜோர்டனுக்கும். 2004 இன் முடிவில் பி.ஏ.ஆர். அணியின் 45 சதவீதத்தை வாங்கி, பிறகு முழுவதையும் வாங்கி, 2006 முதல் 2008 வரை மறுபடி முழு அணி.

2015 முதல் 2021 வரை எஞ்சின் மட்டும். மக்லாரன், பிறகு டொரோ ரொசோ, பிறகு ரெட் புல். டொரோ ரொசோவே 2020 இல் அல்ஃபா டௌரி என்று பெயர் மாறியது. அதை இரண்டு அணிகளாக எழுதாதீர்கள்.

2022 முதல் 2025 வரை ஒரு வித்தியாசமான காலம். அறிவிப்பின்படி ஹொண்டா விலகிவிட்டது. ஆனால் ரெட் புல்லின் எஞ்சின்களை ஹொண்டாவின் பந்தயப் பிரிவு ஜப்பானில் தொடர்ந்து செய்து கொடுத்தது. 2022 அட்டவணையில் எஞ்சின் பெயரில் ஹொண்டா இல்லை. 2023 இலிருந்து 'ஹொண்டா ஆர்.பி.பி.டி.' என்று மறுபடி வந்தது. ஆர்.பி.பி.டி. என்பது ரெட் புல்லின் எஞ்சின் நிறுவனமான ரெட் புல் பவர்ட்ரெயின்ஸ்.

2026 முதல் அஸ்டன் மார்ட்டினுக்கு எஞ்சின். இதை 2023 மே மாதம் அறிவித்தார்கள்.

இனி முகென். 1992 முதல் 2000 வரை முடிவு அட்டவணைகளில் 'முகென் ஹொண்டா' என்று ஓர் எஞ்சின் வரும். முகென், சொய்ச்சிரோ ஹொண்டாவின் மகன் ஹிரொதோஷி ஹொண்டா தொடங்கிய தனி நிறுவனம். ஹொண்டாவோடு நெருக்கமான தொடர்பு உண்டு, ஆனால் அது ஹொண்டா கம்பனி அல்ல. அந்த எஞ்சினோடு 4 வெற்றிகள்: 1996 மொனாக்கோவில் ஒலிவியே பனிஸ், 1998 பெல்ஜியத்தில் டேமன் ஹில், 1999 இல் பிரான்சிலும் இத்தாலியிலும் ஹைன்ஸ் ஹரால்ட் ஃப்ரென்சன். 89 இற்குள் இந்த நான்கும் இல்லை. பெயரைக் கண்டவுடன் கூட்டிவிடும் பிள்ளைகள் 93 என்று எழுதுவார்கள்.

நிறம் இப்போதே முடிவாகட்டும். முழு அணி சிவப்பு, எஞ்சின் மட்டும் நீலம், ஹொண்டா செய்து வேறு ஏற்பாட்டில் ஓடிய 2022 முதல் 2025 வரை பச்சை. முகெனை, அடுத்த படியில் வரையும் காலக்கோட்டின் கீழே பென்சில் நிழலாக மட்டும் காட்டுங்கள். கறுப்பு மார்க்கரை நான்காம் படியில் வரும் விதிக்கோடுகளுக்கு வையுங்கள்.

3. காலக்கோட்டை வரையுங்கள், வெற்று ஆண்டுகளைச் சுருக்காதீர்கள்

1964 முதல் 2026 வரை 63 ஆண்டுகள். ஆண்டுக்கு 2 சென்ரிமீற்றர் என்றால் 126 சென்ரிமீற்றர். மூன்று டிமைத் தாள்களை அருகருகே ஒட்டினால் தாராளமாக அடங்கும். பின்பக்கத்தில் ஒட்டுங்கள், முன்னால் ஒட்டினால் மார்க்கர் மை பரவும்.

ஹொண்டா இல்லாத காலங்கள் மூன்று: 1969 முதல் 1982 வரை 14 ஆண்டுகள், 1993 முதல் 1999 வரை 7 ஆண்டுகள், 2009 முதல் 2014 வரை 6 ஆண்டுகள். "அங்கே ஒண்டும் இல்லைத்தானே அண்ணை, இடத்தை மிச்சம் பிடிப்பம்" என்று யாராவது ஒருவர் சொல்லத்தான் செய்வார். விடாதீர்கள். ஹொண்டா திரும்பி வந்த ஒவ்வொரு தடவையும் விளையாட்டு மாறியிருந்தது. அந்த வெற்றிடத்தின் நீளத்தைக் கண்ணால் பார்த்தால்தான், 1983 இல் வந்தவர்களுக்கு 1968 இன் எஞ்சின் ஏன் உதவவில்லை என்று விளங்கும். 2015 இன் தோல்விக்கும் பாதிக் காரணம் அந்த வெள்ளை இடத்தில்தான் இருக்கிறது.

4. வெற்றிக்கு முன் விதிகள்

கோட்டுக்கு மேலே, எஞ்சின் விதி மாறிய ஆண்டுகளில் கறுப்பு நிறத்தில் நிலைக்குத்துக் கோடு போடுங்கள். எல்லா விதிகளும் வேண்டாம். இவை போதும்: 1961 முதல் 1965 வரை 1.5 லீற்றர் எஞ்சின். 1966 இலிருந்து 3 லீற்றர், அல்லது காற்றழுத்தம் கூட்டிய 1.5 லீற்றர். 1989 இல் டேர்போ (வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கருவி) தடை, 3.5 லீற்றர். 1995 இல் 3 லீற்றர். 2006 இல் 2.4 லீற்றர் வி8, அதாவது வி வடிவில் 8 சிலிண்டர். 2014 இல் 1.6 லீற்றர் வி6 டேர்போவோடு மின்சக்தியும் சேர்ந்த ஹைபிரிட். 2026 இல் மறுபடி புதிய விதி.

இங்கேதான் அந்தப் பழைய பிஸ்டனுக்கு வேலை.

ஹொண்டாவின் முதல் ஃபோர்முலா 1 எஞ்சின் 1.5 லீற்றர், ஆனால் 12 சிலிண்டர். அதைக் காரில் குறுக்காக வைத்தார்கள். ஒவ்வொரு சிலிண்டரின் விட்டம் 58.1 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 47 மில்லிமீற்றர். சாதாரண தரக் கணிதத்தில் படித்த உருளையின் கனவளவுச் சூத்திரத்தைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். ஆரை 2.905 சென்ரிமீற்றர், உயரம் 4.7 சென்ரிமீற்றர். ஒரு சிலிண்டருக்கு 125 கன சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். பன்னிரண்டால் பெருக்கினால் 1495 இற்குக் கிட்ட, அதாவது 1.5 லீற்றர் எல்லைக்கு ஒரு மயிரிழை உள்ளே.

பிறகு அந்தப் பிஸ்டனை உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கள். ஏ9 வீதியில் நாளும் ஓடும் ஒரு மோட்டார் சைக்கிளின் பிஸ்டன் அளவானவை பன்னிரண்டு, ஒரு காரின் முதுகில் குறுக்காக வரிசை கட்டி நிற்கின்றன. சிறிய சிலிண்டர் என்றால் பிஸ்டன் பாரம் குறைவு, பாரம் குறைந்தால் எஞ்சினை வேகமாகச் சுழற்றலாம், வேகமாகச் சுழன்றால் அதே லீற்றரில் அதிக சக்தி. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் கற்றதை ஹொண்டா காருக்குக் கொண்டுவந்தது என்று எழுதுவது சுலபம். இந்தக் கணக்கைச் செய்த பிள்ளைக்கு அது எப்படி என்பதும் தெரியும்.

இன்னொரு விதியையும் விளக்கமாகக் காட்டுங்கள். 1988 இல் டேர்போ கார்களுக்கு ஒரு பந்தயத்துக்கு 150 லீற்றர் எரிபொருள்தான், டேர்போவின் அழுத்தமும் 2.5 பார் வரைதான். அதற்கு முந்தைய ஆண்டு 195 லீற்றரும் 4 பாரும் இருந்தது. டேர்போ இல்லாத கார்களுக்கு எரிபொருள் எல்லை இல்லை. அதாவது டேர்போவை ஒடுக்கவே போட்ட விதி. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் எடுத்த எங்கள் பிள்ளைகளுக்கு, அளந்து தரும் எரிபொருளில் தூரம் போவது என்றால் என்ன என்று விளக்கவே தேவையில்லை. அந்த அளவுக்குள்தான் ஹொண்டா எஞ்சின் அந்த ஆண்டு 16 பந்தயங்களில் 15 ஐ வென்றது. விதிக்கோடு இல்லாமல் 15 என்ற எண்ணை மட்டும் எழுதினால் அதன் பெறுமதி பாதியாகிவிடும்.

5. இப்போது வெற்றிகளை எண்ணுங்கள்

காலம் காலமாகக் கூட்டுங்கள், ஒரே மொத்தத்தை எங்கிருந்தாவது எடுத்து ஒட்டாதீர்கள்.

1960களில் 2. ஒன்று 1965 ஒக்டோபர் 24, மெக்சிக்கோ, ரிச்சி கின்தர், ஆர்.ஏ. 272 கார். அது 1.5 லீற்றர் விதியின் கடைசிப் பந்தயம். மற்றது 1967 இத்தாலியின் மொன்சா, ஜோன் சேர்ட்டீஸ், ஆர்.ஏ. 300 ஓடிய முதல் பந்தயம். இரண்டாவதாக வந்த ஜக் பிரபாமுக்கும் அவருக்கும் 0.2 செக்கன் இடைவெளி.

1984 முதல் 1992 வரை 69. இதை அணிவாரியாகப் பிரித்தால் சரிபார்க்கலாம்: வில்லியம்ஸ் 23, லோட்டஸ் 2, மக்லாரன் 44. வில்லியம்ஸின் 23 என்பது 1984 இல் 1, 1985 இல் 4, 1986 இல் 9, 1987 இல் 9. அந்த 1984 இன் ஒன்று அமெரிக்காவின் டலஸில் கெகே ரொஸ்பேர்க் வென்றது, ஹொண்டா டேர்போவின் முதல் வெற்றி. மக்லாரனின் 44 என்பது 1988 முதல் ஆண்டுவாரியாக 15, 10, 6, 8, 5.

2006 இல் 1. ஹங்கேரி, ஜென்சன் பட்டன்.

2019 முதல் 2021 வரை 17. 3, 3, 11.

கூட்டினால் 89. முழு அணியாக வென்ற 3 என்பவை மெக்சிக்கோ, மொன்சா, ஹங்கேரி.

இனி அடிக்கடி வரும் பிழைகள். சாம்பியன் பட்டம் இரண்டு வகை, ஓட்டுநருக்கு ஒன்று, அணிக்கு ஒன்று. இரண்டையும் ஒரே வரியில் எழுதுவதால் 1986 பிழையாகிவிடும். அந்த ஆண்டு அணிப் பட்டம் வில்லியம்ஸ் ஹொண்டாவுக்கு. ஓட்டுநர் பட்டம் அலன் ப்ரொஸ்டுக்கு, அவர் ஓட்டிய மக்லாரனில் அப்போது இருந்தது ஹொண்டா எஞ்சின் அல்ல. நைஜல் மான்செலும் நெல்சன் பிக்கேயும் வெற்றிகளைத் தங்களுக்குள் 5, 4 என்று பங்கிட, புள்ளிகளில் ப்ரொஸ்ட் முந்திவிட்டார். 2021 இல் இதற்கு மறுபக்கம்: ஓட்டுநர் பட்டம் மக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்கு, அணிப் பட்டம் மெர்சிடிஸுக்கு.

ஆகவே இரண்டு வரிகள். அணிப் பட்டம்: 1986, 1987 வில்லியம்ஸ், 1988 முதல் 1991 வரை மக்லாரன், தொடர்ந்து 6. ஓட்டுநர் பட்டம்: 1987 பிக்கே, 1988 அயர்டன் செனா, 1989 ப்ரொஸ்ட், 1990, 1991 செனா, பிறகு 30 ஆண்டுகள் கழித்து 2021 வெர்ஸ்டாப்பன். 2022 முதல் வந்த ரெட் புல் பட்டங்களைப் பச்சைக் காலத்துக்குக் கீழே தனியாக எழுதி, 89 இற்குள் அவற்றின் வெற்றிகள் சேரவில்லை என்று ஒரு குறிப்புப் போடுங்கள். பார்க்கவருபவர் கேட்கமுன் பதில் தாளில் இருக்கும்.

இரண்டாவது பெரிய பிழை 2009. ஹொண்டா விலகிய அணியை அதன் தலைவராக இருந்த ரொஸ் ப்ரோன் பெயரளவு விலைக்கு வாங்கி, மெர்சிடிஸ் எஞ்சின் பூட்டினார்; அந்த அணி அந்த ஆண்டே இரண்டு பட்டங்களையும் வென்றது. கார் ஹொண்டாவின் பணத்தில் வடிவமைக்கத் தொடங்கியது என்பது உண்மை. பட்டம் ஹொண்டாவினது அல்ல. அந்த இடத்தைக் கோட்டில் வெள்ளையாகவே விட்டு, பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள். முழு வரலாற்றிலும் மனதை உறுத்தும் இடம் இதுதான், அதை மறைக்கவும் வேண்டாம், ஹொண்டாவின் கணக்கில் ஏற்றவும் வேண்டாம்.

6. படம் முழுவதையும் சொல்லும் ஒரு பந்தயத்தைப் பெரிதாக்குங்கள்

எல்லா வெற்றிக்கும் ஒரே அளவு பெட்டி போட்டால் யாரும் நின்று வாசிக்கமாட்டார்கள். ஒரு காலத்துக்கு ஒரு பந்தயம் எடுத்துப் பெரிதாக எழுதுங்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் தெரிவு 1987 பிரித்தானியப் பந்தயம், சில்வர்ஸ்டன். முதல் நான்கு இடங்களும் ஹொண்டா எஞ்சினுக்கு: மான்செல், பிக்கே, செனா, சத்தோரு நகாஜிமா. இரண்டு வில்லியம்ஸ், இரண்டு லோட்டஸ். எஞ்சின் கொடுக்கும் கம்பனி ஒன்று இரண்டு அணிகளில் ஒரே நாளில் வெல்வது எப்படி என்று இரண்டாம் படியில் குழம்பியவர்களுக்கும் இங்கே தெளிந்துவிடும்.

தோற்ற பந்தயமும் ஒன்று வேண்டும். 1988 இல் 16 இற்கு 16 என்று எழுதாமல் தடுத்த அந்த ஒன்று: மொன்சா. ப்ரொஸ்டின் எஞ்சின் பழுதாகி அவர் ஏற்கெனவே விலகிவிட்டார். முடிவுக்குக் கொஞ்சம் முன் முதலிடத்தில் இருந்த செனா, பின்தங்கி ஓடிய ஒரு வில்லியம்ஸ் காரோடு மோதி நின்றுவிட்டார். ஃபெராரியின் கெர்ஹார்ட் பேர்கர் வென்றார். அந்த வில்லியம்ஸை ஓட்டியவர் ஜோன் லூயி ஷ்லெசர். 1968 இல் ஹொண்டா காரில் உயிரிழந்த ஜோ ஷ்லெசரின் சகோதரரின் மகன்.

7. 1968 ஐ எழுதும் விதம்

1968 ஜூலை 7, பிரான்சின் ரூஆன். காற்றால் குளிரும் எஞ்சினோடு வந்த ஆர்.ஏ. 302 என்ற புதிய கார். அணியின் முதன்மை ஓட்டுநர் சேர்ட்டீஸ் அது ஓடுவதற்குத் தயாரில்லை என்று ஓட்ட மறுத்தார். பிரெஞ்சு ஓட்டுநர் ஜோ ஷ்லெசர் ஓட்டினார். பந்தயத்தின் தொடக்கச் சுற்றுகளிலேயே கார் மோதித் தீப்பற்றி அவர் இறந்தார். அந்த ஆண்டின் முடிவில் ஹொண்டா விலகியது.

இதை விடக்கூடாது. வெற்றிகளை மட்டும் அடுக்கினால் அது விளம்பரம். அதேநேரம் தீயின் படத்தை ஒட்டவே ஒட்டாதீர்கள். எங்கள் மண்டபங்களுக்கு வருபவர்களில் எத்தனை பேர் எதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்று நமக்குத் தெரியும். திகதி, இடம், பெயர், யார் எச்சரித்தார் என்பது. நான்கு வரி போதும்.

8. விலகிய காரணங்களை இரண்டு நிரலாக எழுதுங்கள்

ஒரு நிரலில் கம்பனி சொன்னது, மற்றதில் நீங்கள் ஊகிப்பது. கலந்துவிட்டால் ஊகம் உண்மையாகத் தெரியும்.

2008 டிசெம்பர் 5 இல் தலைவர் தக்கேயோ ஃபுகுய் உலகப் பொருளாதார நெருக்கடியைக் காரணம் காட்டினார். 2020 ஒக்டோபர் 2 இல் தக்காஹிரோ ஹச்சிகோ, 2050 இற்குள் கரியமில உமிழ்வைச் சமநிலைக்குக் கொண்டுவரும் வேலைக்குப் பொறியியலாளர்கள் தேவை என்றார். 2023 மே 24 இல் தொஷிஹிரோ மிபே 2026 இற்குத் திரும்புவதாக அறிவித்தபோது, புதிய விதியில் மின்சக்தியின் பங்கு கூடுவதையும் மாற்று எரிபொருளையும் காட்டினார். விலகிய காரணமும் திரும்பிய காரணமும் ஒரே திசையில் இருப்பதைப் பார்த்தவுடன் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளை இரண்டாம் நிரலில் எழுதவிடுங்கள்.

9. தோற்ற ஆண்டுகளுக்கு இடம் கொடுங்கள்

2015 முதல் 2017 வரை மக்லாரன் ஹொண்டாவுக்கு ஒரு வெற்றியும் இல்லை, முதல் மூன்று இடங்களில் ஒன்றுகூட இல்லை. ஆகக் கூடியது ஐந்தாம் இடம். 2015 இல் மொத்தம் 27 புள்ளிகள், அணிகளில் ஒன்பதாம் இடம். அந்த ஆண்டு ஹொண்டாவின் சொந்த ஓடுபாதையான சுசுக்காவிலேயே, நேர்பாதையில் மற்றவர்கள் முந்திப் போக, ஃபெர்னாண்டோ அலொன்சோ வானொலியில் இதைக் கீழ்வகுப்புப் பந்தய எஞ்சின் என்று கத்தினார். மண்டபத்தில் கூட்டம் நிற்கும் இடம் இதுதான், ஏனென்றால் எல்லோருக்கும் இது விளங்கும்.

அப்புறம் எப்படி எழுந்தார்கள் என்பதை அவசரப்படாமல் காட்டுங்கள். மற்றவர்கள் 2014 இலேயே ஹைபிரிட் விதியில் ஓடத் தொடங்கிவிட்டார்கள், ஹொண்டா ஒரு வருடம் பிந்தியது. எஞ்சினை மிக ஒடுக்கமாக அடக்கச் செய்த வடிவமைப்பும் பிரச்சினை கொடுத்தது. 2018 இல் சிறிய அணியான டொரோ ரொசோவுக்குப் போனார்கள். இரண்டாவது பந்தயத்திலேயே, பஹ்ரைனில், பியர் கஸ்லி நான்காவதாக வந்தார். மக்லாரனோடு மூன்று ஆண்டுகளில் எட்டாத இடம். டேர்போ வடிவமைப்பில் ஹொண்டாவின் விமான எஞ்சின் பிரிவு கைகொடுத்தது. 2019 ஜூன் 30 இல் ஒஸ்ரியாவில் வெர்ஸ்டாப்பன் வென்றபோது, ஹங்கேரிக்குப் பிறகு 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. மேடையில் அணியின் சார்பில் ஏறியவர் ஹொண்டாவின் பொறியியலாளர் தொயொஹாரு தனபே.

10. மார்க்கருக்கு முன் ஒரு தடவை

எல்லாம் பென்சிலில் முடிந்த பிறகு, இந்த வேலையில் சேராத ஒருவரிடம் கொப்பியைக் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். செய்தவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் வையுங்கள். ஒரு தாளில் 'ப்ரொஸ்ட்', மறுதாளில் 'புரோஸ்ட்' என்றால் சின்னப் பிள்ளைகள் இரண்டு ஆட்கள் என்று நினைப்பார்கள்.

விளக்கம் சொல்பவருக்கு 15 நிமிடம் போதும். இடப்பக்கத்தில் இருந்து தொடங்கி ஆண்டு ஆண்டாகப் போகவேண்டாம். முதலில் நிறங்களைச் சொல்லவும், பிறகு பிஸ்டன், பிறகு 1988, பிறகு அலொன்சோ. மிச்சத்தைக் கேட்பவர்கள் கேள்வியாகக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். புரொஜெக்டரை நம்பி நிற்காதீர்கள். மின்சாரம் போனாலும் தாளும் பிஸ்டனும் வேலை செய்யும்.

2026 இன் கட்டத்தை மட்டும் பென்சிலிலேயே விடுங்கள், அடுத்த தவணை மாணவர்கள் நிரப்பட்டும். கண்காட்சி முடிந்தவுடன் படத்தை மடிக்காமல், எழுதிய பக்கம் வெளியே வரச் சுருட்டி, இரண்டு முனையும் மூடிய எஸ்லோன் குழாய்க்குள் போட்டு, நிலத்தில் படாமல் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். மாரிக்கு ஈரம் ஏறும். மற்றக் காலத்தில் கறையான் விடாது.